வளைந்த ஜன்னல் கம்பிகள்

மார்ச் 3

உருப்பெருக்கி அவர்களுக்கு,

தங்கள் மார்ச் மாத விமர்சனம் படித்தேன். அண்ணா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பத்திரிகையில் எந்தப் பெயரில் என் வயிற்றில் அடித்தாயோ அந்தப் பெயருக்கே எழுதுகிறேன். போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ பேசிப் பேசியே என்னை மடக்கிவிடுவாய். எழுத்தில் என்றால் நான் சொன்னது சொன்னபடி இருக்கும்.

நீ எழுதியது இதுதான். மறந்திருந்தால் படித்துக்கொள்: “‘தையல்காரி’ பொம்மைத் தொகுப்பில் ஜன்னல் கம்பிகள் நடுவில் வளைந்திருக்கின்றன. செங்கல் வரிசையும் அப்படியே. முகம் மழுங்கிக் கிடக்கிறது, எவ்வளவு மெல்லிய பிரஷ் வைத்தாலும் கண் எழுத முடியவில்லை. அவசரத்தில் எடுத்த அச்சு. வண்ணம் தீட்டுகிறவர்கள் வாங்குவதற்கு முன் யோசிக்கவும்.”

அவசரமா? பதினான்கு வருடம் அடுத்தவர்கள் செதுக்கிய போர்வீரனையும் குதிரையையும் டிராகனையும் ரெசின் பிசினில் வார்த்துக் கொடுத்தே என் நகமெல்லாம் மஞ்சளாகிப் போனது உனக்குத் தெரியாதா? நானே செதுக்கி, நானே அச்செடுத்து, என் பெயர் போட்ட பெட்டியில் வந்த முதல் பொம்மை இது. கட்டைவிரல் உயரத்தில் ஒரு பெண், முன்னால் தையல் மெஷின், பின்னால் செங்கல் சுவர், அதில் ஒரு ஜன்னல். இதற்கு ஏழு மாதம் ஆனது. ஜன்னல் கம்பிகளை நான் கையால்கூட இழைக்கவில்லை. பித்தளைக் கம்பி ஆறு வாங்கி, நறுக்கி, அதை வைத்துத்தான் அச்செடுத்தேன். நடுவில் வளைவதற்கு அது என்ன ரப்பரா?

படித்ததும் அறையைப் பூட்டிக்கொண்டு எல்லாப் பெட்டியையும் பிரித்தேன். அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த அறைதான், உட்கார்ந்தால் எழுந்திருக்க இடமிருக்காதே, அதே அறை. மேஜை, தரை, கட்டில் என்று பார்க்கும் இடமெல்லாம் ஜன்னலாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட வளையவில்லை.

மொத்த வியாபாரி முந்நூறு பெட்டி கேட்டிருந்தார். “உருப்பெருக்கி என்ன எழுதறாருன்னு பாத்துட்டு வண்டி அனுப்பறேம்மா” என்றார். இன்று காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்த முந்நூறு போனால் இந்த அறையும் போகும். நான் மறுபடி யாரோ செதுக்கிய குதிரைக்கு வால் வார்க்கப் போக வேண்டியதுதான்.

எழுதுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் கிரீடம் கீழே விழுந்துவிடுமா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
‘தையல்காரி’ தயாரிப்பாளர்

*

மார்ச் 11

பாப்பாவுக்கு,

உனக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் கோபம் வந்தால் ஒன்றாம் வகுப்பில் ஸ்லேட்டை உடைத்தாயே, அதே முகம்தான் உன் எழுத்தில் தெரிகிறது. படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கஷ்டமாகவும் இருந்தது. கஷ்டம்தான் அதிகம்.

அந்த விமர்சனத்தை நான் சுகமாக உட்கார்ந்து எழுதினேன் என்று நினைக்காதே. உன் பெட்டி வந்த அன்று குழந்தை மாதிரிக் குதித்தேன், அண்ணியைக் கேள். பெட்டி மேல் உன் பெயரைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம்தான் வேலைக்கு உட்கார்ந்தேன். நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். ஜன்னல் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்குவார்களே, அந்த லென்ஸை இடது கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்ப்பேன். வலது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறி, அதை நம்பி நான் ரோடுகூடத் தாண்ட மாட்டேன். இடது கண் என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

கம்பிகள் வளைந்திருந்தன, பாப்பா. உன்னுடையது என்பதால் மூன்று நாள் மறுபடி மறுபடி பார்த்தேன். சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்துப் பார்த்தேன், கறுப்பு அடித்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் இரண்டு கம்பியும் தொப்பை போட்ட மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. ரெசின் இறுகும்போது சூட்டில் இழுத்திருக்கும், ஸ்கேலுக்கு அது தெரியாது, லென்ஸுக்குத்தான் தெரியும்.

இருபது வருடமாக அந்தப் பத்தியை எழுதுகிறேன். தெரிந்தவர் என்று யாருக்கும் ஒரு வரி கூட்டியதில்லை, பிடிக்காதவர் என்று குறைத்ததும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் எழுதுவதைப் பார்த்து வியாபாரிகள் வண்டி அனுப்புகிறார்கள். தங்கச்சி என்று உனக்கு மட்டும் கூட்டி எழுதினால், அந்த இருபது வருடமும் பொய்யாகிவிடாதா? உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம், அது என் தப்புதான். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் மாற்றி எழுதிவிடுவேன், அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை.

அண்ணி என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது. சாப்பாடு மேஜைக்கு வந்துவிடுகிறது, வார்த்தைதான் வரவில்லை. நேற்று மட்டும் வாய் திறந்தாள். “கூடப் பொறந்தவ பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு, உங்களுக்கு எப்படித்தான் தொண்டையில இறங்குதோ?” இறங்கவில்லைதான்.

சுவருக்கு மட்டும் வேறு அச்சு எடு. நான் ஒரு வாரம் வந்து உன்னோடு உட்காருகிறேன். கம்பி நேராக வரட்டும், நேர் என்று நானே முதல் பக்கத்தில் எழுதுகிறேன்.

உன் அண்ணன்

*

மார்ச் 19

அண்ணா,

நீ வர வேண்டாம்.

மொத்த வியாபாரி நேற்று போனை எடுத்தார். “தப்பா நினைக்காதம்மா, கூடப் பொறந்த அண்ணனே நல்லால்லன்னு எழுதும்போது நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கடைக்காரங்ககிட்டக் குடுப்பேன்?” என்றார். உருப்பெருக்கி என் அண்ணன் என்று அவரிடம் பெருமையாகச் சொல்லி வைத்தது நான்தான்.

வேறு அச்சு எடு என்று சுலபமாக எழுதிவிட்டாய். எதை வைத்து எடுப்பது? நேராக இருக்கும் கம்பியை எப்படி நேராக்குவது, நீயே சொல். ரெசினிலிருந்து காற்றுக் குமிழியை உறிஞ்சும் பானையை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். அது போய்விட்டால் இந்த அறையில் நான் செய்ய ஒன்றும் இல்லை.

நீ பொய் எழுத மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது. வேண்டுமென்றே எழுதியிருந்தாலாவது ஆசை தீரத் திட்டித் தீர்த்திருப்பேன்.

இனிமேல் எழுதாதே. நீ எழுதினாலும் நான் பதில் போட மாட்டேன்.

*

ஏப்ரல் 20

பாப்பாவுக்கு,

எழுதாதே என்றாய். ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், அதற்கு மேல் முடியவில்லை. நீ பதில் போட வேண்டாம், படித்தால் போதும்.

உன் தையல்காரிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன். விமர்சனத்துக்கு இல்லை, எனக்காக. ரவிக்கை பச்சை, துணி மஞ்சள். மெஷின் சக்கரத்தில் தேய்ந்த இடத்துக்கு வெள்ளி தொட்டு வைத்தேன், நன்றாக வந்திருக்கிறது. கண்கள்தான் வரவில்லை. பதினோரு தடவை எழுதிவிட்டேன், பதினோரு தடவையும் அழித்துவிட்டேன். ஒரு கண் வைத்தால் மறு கண் கன்னத்துக்கு இறங்கிவிடுகிறது. முன்பெல்லாம் அரிசியளவு முகத்தில் இமைகூட எழுதுவேன். கையில் நடுக்கம் இல்லை, அதைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஒருவேளை உன் மேல் இருக்கிற வருத்தம் கையில் இறங்கியிருக்கிறதோ என்னவோ.

இந்த மாதம் தலையில் மாட்டும் லென்ஸ் ஒன்று விமர்சனத்துக்கு வந்தது. விளக்கு வைத்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாட்டிப் பார்த்தால் நடுவில் கோடு வளைகிறது! என் பழைய லென்ஸில் பார்த்தேன், அதிலும் வளைகிறது. இத்தனை நாள் அது நன்றாகத்தான் இருந்தது, விழுந்து கிழுந்து கெட்டுவிட்டது போலிருக்கிறது. ஏப்ரல் இதழில் காய்ச்சி எடுத்துவிட்டேன். இந்தக் காலத்தில் ஒருவருக்கும் வேலையில் அக்கறை இல்லை. செய்தித்தாளைப் பார், அச்சடிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார்கள். வரிக்கு நடுவே எழுத்தெல்லாம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. புதுக் கதவு போட்ட தச்சரையும் கூப்பிட்டுச் சண்டை போட்டேன், நிலை கோணல் என்று. அவர் நூல் பிடித்துக் காட்டிவிட்டுப் போனார், நூலே கோணலாக இருந்தால் அவர்தான் என்ன செய்வார்.

அண்ணி இப்போது பேசுகிறாள், திட்டுவதற்கு மட்டும். “உங்க ஒருத்தருக்குத்தான் உலகத்துல எல்லாமே கோணலாத் தெரியும்” என்கிறாள். அப்படிப்பட்ட புருஷனைக் கட்டிக்கொண்டு முப்பது வருடம் நேராகத்தானே நடந்திருக்கிறாய் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பானையை விற்றுவிடாதே. அதை மட்டும் செய்யாதே.

உன் அண்ணன்

*

மே 27

அண்ணா,

பதில் போட மாட்டேன் என்றேன். போடுகிறேன், ஏனென்றால் இப்போது என் கையில் ஆதாரம் இருக்கிறது.

மே இதழில் கட்டிங் மேட் பற்றி எழுதியிருக்கிறாய். பொம்மையின் பாகங்களை வெட்டும்போது கீழே போட்டுக்கொள்ளும் சாதாரணப் பச்சை மேட். “கட்டக் கோடுகள் நடுவில் வளைந்து அச்சாகியிருக்கின்றன, அளவுக்கு நம்ப முடியாது” என்கிறாய். அதே நிறுவனத்தின் மேட்டைக் கடையில் போய் வாங்கினேன். கோடு நேர். கடைக்காரரிடம் சொல்லி ஆறு மேட் பிரித்துப் பார்த்தேன். ஆறும் நேர். நீ காய்ச்சி எடுத்த அந்தத் தலை லென்ஸையும் ஒரு வாடிக்கையாளரிடம் கடன் வாங்கிப் பார்த்துவிட்டேன். அதிலும் கோடு நேராகத்தான் தெரிகிறது.

என் ஜன்னல், லென்ஸ், மேட். மூன்று பேர் மூன்று இடத்தில் செய்த மூன்று பொருள், மூன்றும் உனக்கு நடுவில் மட்டும் வளைகிறது. கோணல் எங்கே இருக்கிறது என்று இன்னுமா தெரியவில்லை?

என் அறைக்கு முன்னால் இருக்கும் அச்சகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. அதன் வாசலில் கட்டம் போட்ட அட்டை ஒன்று மாட்டியிருக்கிறார்கள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்து தெரிந்தால் கோளாறு கண்ணில். உன்னிடம்தான் அந்த மேட் இருக்கிறதே, அதை வைத்தே பார்த்துக்கொள். ஒவ்வொரு கண்ணாகப் பார்.

ஆசிரியருக்கும் இன்றே எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன், அளவு, படம் எல்லாம் வைத்து. வாசகர்களுக்குத் தெரிய வேண்டாமா? நீதானே சொல்வாய், தெரிந்தவர் என்று ஒரு வரி கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று.

பார்த்துவிட்டு, வளைந்தால், டாக்டரிடம் போ. நாளைக்கு என்று தள்ளாதே.

பாப்பா

*

ஜூன் 1

பாப்பா,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ஒரு கண்ணால் எழுதுவது பழக்கமில்லை.

உன் கடிதம் வந்ததும் வாசலிலேயே நின்று பிரித்தேன். மேட்டை எடுக்க உள்ளே போகக்கூடப் பொறுக்கவில்லை. எதிர் வீட்டு இரும்பு கேட் இருந்தது. இடது கண்ணைப் பொத்தினேன். சோம்பேறி வலது கண்ணில் கேட் மங்கலாக இருந்தது, ஆனால் கம்பியெல்லாம் நேர். வலது கண்ணைப் பொத்தினேன். கம்பிகள் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றன, அதற்குள்ளே புகை மாதிரி ஒன்று அப்பியிருந்தது. கேட்டுக்குள்ளே நின்ற எதிர் வீட்டுக்காரர் “என்ன சார், கண்ணடிக்கிறீங்க?” என்றார். அவருக்கு முகமே இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் புகைதான் இருந்தது.

பேப்பரைக் குறை சொன்னேன், தச்சரைக் குறை சொன்னேன், லென்ஸைச் சொன்னேன், உன்னைச் சொன்னேன். என் கண்ணை மட்டும் நினைக்கவில்லை. மூன்று மாதமாக எதைப் பார்த்தாலும் அந்த லென்ஸை இடுக்கி ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன். நம்புகிற கண் அது ஒன்றுதான், அதை யாரை வைத்துச் சோதிப்பது?

உன் ஜன்னலை எடுத்து வலது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து பார்த்தேன். ஆறு கம்பியும் நேர்.

நாளைக் காலை டாக்டரிடம் போகிறோம். அண்ணி செருப்பைக்கூட எடுத்து வாசலில் வைத்துவிட்டாள்.

அண்ணன்

*

ஜூன் 6

அண்ணா,

போன் செய்தேன். நீதான் எடுத்தாய். உன் “யாரு?” கேட்டதும் வைத்துவிட்டேன். அப்புறம் அண்ணி தனியாகப் பேசினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

உன் கடிதம் வந்த அன்றே ஆசிரியரைக் கூப்பிட்டேன். நான் அனுப்பியதைப் போட வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன். “அது அச்சாகி பைண்டிங்குக்கே போயிடுச்சும்மா. முழுப் பக்கம். வாசகர்கள் நல்லா ரசிப்பாங்க” என்றார். நேரில் போய் நின்றேன், அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர்தான் கொடுத்தார்.

அந்தப் பக்கத்தைப் பார்க்காதே. அண்ணியைப் படித்துக் காட்டவும் சொல்லாதே. ‘உருப்பெருக்கிக்கு ஒரு கண் பரிசோதனை’ என்று தலைப்பு வைத்தது ஆசிரியர் இல்லை, நான். வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன். உனக்குக் கண்ணில் கொஞ்சம் பவர் ஏறியிருக்கும், எல்லோர் முன்னாலும் கண்ணாடி மாட்ட வேண்டி வரும், அவ்வளவுதான் வேண்டும் எனக்கு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. எழுத முடியாவிட்டால் அண்ணியை எழுதச் சொல்.

பாப்பா

*

ஜூன் 18

பாப்பாவுக்கு,

எழுதுவது அண்ணி, சொல்வது நான். நடுவில் அவள் தன் சரக்கைச் சேர்த்தால் அடைப்புக்குறி போடச் சொல்லியிருக்கிறேன்.

விழித்திரைக்கு நடுவில் ரத்தம் கசிந்திருக்கிறதாம். வயதானால் சிலருக்கு வருமாம். பெண் டாக்டர், சின்ன வயது, பொறுமையாக விளக்கினார். “எப்போலேருந்து கோடு வளையுது?” என்றார். பிப்ரவரி என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்பவே வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம் சார். ஏப்ரல்ல வந்திருந்தாக்கூட ஓரளவு காப்பாத்தியிருப்போம். இப்போ நடுவுல தழும்பு விழுந்துடுச்சு.” தழும்பு விழுந்த இடம் திரும்பி வராது. மிச்சம் இருப்பது போகாமல் பார்க்கத்தான் இப்போது ஊசி. கண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். மாதம் ஒன்று.

(இவர் ஜம்பமாகச் சொல்கிறார். ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தபோது என் கையைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்தது. அதற்கு முன்னால் இவரோடு நானும் உள்ளே போனேன், போன வேகத்தில் மயங்கி விழுந்தேன், நர்ஸ் என்னைத்தான் முதலில் கவனித்தார்.)

இனிமேல் ஓரக்கண்ணால் எல்லாம் தெரியும். நேராகப் பார்த்தால் இடது கண்ணில் ஒன்றும் தெரியாது, சோம்பேறி வலது கண்ணுக்கு எல்லாம் மங்கல். படிக்க முடியாது, எழுத முடியாது, பிரஷ் பிடிக்க முடியாது. ஜூலை விமர்சனத்துக்கு ஒரு பெட்டி முன்னாலேயே வந்து கிடந்தது. பார்க்க முடியாவிட்டால் என்ன, தடவிப் பார்த்துச் சொல்லலாமே என்று எடுத்தேன். குதிரைவீரன் ஒருவன், கையில் வாள். தொட்டேன், வாள் கையோடு வந்துவிட்டது. தேடக் குனிந்தேன், குதிரையை மிதித்துவிட்டேன். என் விமர்சன வாழ்க்கையிலேயே இவ்வளவு வேகமாக ஒரு பொம்மையை நான் தீர்த்துக் கட்டியதில்லை.

உன் பக்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டுப் படித்துக் காட்டிவிட்டார். விவரம் தெரியாதவர், சிரித்துக்கொண்டே படித்தார். நன்றாக எழுதியிருக்கிறாய். அளவெல்லாம் சரி. தலைப்பும் சரிதான்.

மூன்று விமர்சனத்தையும் வாபஸ் வாங்கி, பத்து பக்கம் சொல்லி அண்ணி எழுதி, ஆசிரியருக்கு அனுப்பினோம். இரண்டு வரி போடுகிறாராம், கடைசிப் பக்கத்தில். அந்தப் பத்தியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார், அது நியாயம்தான். மொத்த வியாபாரியிடம் நானே போனில் பேசினேன், கெஞ்சினேன். “உங்க மேல மரியாதை இருக்கு சார், ஆனா அலமாரியில வேற கம்பெனி பொம்மைய அடுக்கிட்டோமே” என்கிறார். தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். “நீங்க இப்போ நேர்னு சொன்னா, எதை வச்சு சார் நம்பறது?”

போனை வைத்துவிட்டேன், பாப்பா. உன் முந்நூறு பெட்டியை நான் திருப்பித் தர முடியாது.

அண்ணன்

*

ஜூன் 29

அண்ணா,

அண்ணி, இதைத் தனியாகப் படித்துவிட்டு மறைத்துவிடாதே. அவனுக்கு அப்படியே படித்துக் காட்டு, ஒரு வரிகூட விடாமல்.

பானையை விற்றுவிட்டேன். அறையைக் காலி செய்துவிட்டேன். பல் செட் செய்யும் இடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், செயற்கைப் பல் வார்க்கிற வேலை. அதைப் பற்றி எழுத வரவில்லை. அதற்காக இனி உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அது அப்படியே போகட்டும்.

டாக்டர் ஏப்ரல் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

கண்ணாடிக் கடை அட்டையை மே மாதம்தான் பார்த்த மாதிரி உனக்கு எழுதினேன். அது பொய். அந்த அட்டை அங்கே ஐந்து வருடமாக இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் அறைக்குப் போவேன். ஏப்ரல் இதழில் லென்ஸ் பற்றி நீ எழுதியதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம். இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. செய்தித்தாள் வரி பள்ளத்தில் இறங்குகிறது, கதவு நிலை கோணல், பதினோரு தடவை கண் எழுதி அழித்தேன் என்று. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் போய் அந்த அட்டைக்கு முன்னால் நின்றேன். கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது: கோடு வளைந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். உடனே என்பதற்குக் கீழே கோடும் போட்டிருக்கிறார்கள்.

கடைக்காரர் கேட்டார், “யாருக்கும்மா?” நான் சொன்னேன், “யாருக்கும் இல்லை.”

அன்றைக்கே எனக்குத் தெரியும் அண்ணா. சந்தேகம் இல்லை, தெரியும். ஆனால் அப்போது எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நீ டாக்டரிடம் போவாய், சத்தமில்லாமல் சரி செய்துகொள்வாய், என் ஜன்னல் வளைந்ததாகவே எல்லோர் மனதிலும் இருக்கும். ஜன்னலும் லென்ஸும் போதாது, இன்னொரு பொருளும் வரட்டும், மூன்று ஆகட்டும், அப்போது எவராலும் மறுக்க முடியாது என்று நினைத்தேன். அதனால் மே இதழுக்காகக் காத்திருந்தேன், அது வேறு தாமதமாக வந்தது. ஐந்து வாரம். கடைக்குப் பத்திரிகை வருகிற அன்று வாசலிலேயே நின்றிருந்தேன். மேட் வளைகிறது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷமாக இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் நம் சண்டை எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். ஏப்ரலில் நான் எழுதியிருந்தாலும் நீ நம்பியிருக்க மாட்டாய்தானே? கோபத்தில் உளறுகிறாள் என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டிருப்பாய்தானே? டாக்டரிடம் போயிருக்க மாட்டாய்தானே?

பாப்பா

*

ஜூலை 7

பாப்பாவுக்கு,

அண்ணி முழுவதும் படித்தாள். ஒரு வரிகூட விடவில்லை. படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள்.

நீ கேட்ட கேள்விக்காக மூன்று நாளாக எனக்கும் இவளுக்கும் சண்டை. “போயிருக்க மாட்டேன்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பொண்ணு இனிமே எப்படித் தூங்குவா? உங்க கண்ணு எப்படியும் திரும்ப வரப்போறதில்ல” என்கிறாள். அவள் சொல்வது நியாயம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நேற்று அப்படியே சொல்லி, அவளும் எழுதி, ஒட்டியும் விட்டாள். தபால்பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வார்த்தையை எழுத மாட்டேன் என்கிறாள் அண்ணி. பேனாவை வாங்கி அதை மட்டும் நானே எழுதுகிறேன்.

போயிருப்பேன்.

மறுபடி அண்ணி எழுதுகிறாள். நீ எதை எழுதினாலும் நான் முதலில் கோபப்படுவேன், அப்புறம் செய்துவிடுவேன். மேயில் உன் கடிதத்தை வாசலில் நின்று படித்தேன், வாசலிலேயே கண்ணைப் பொத்தினேன். ஏப்ரலில் வந்திருந்தால் ஏப்ரலில் பொத்தியிருப்பேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொல்கிறாள். இருக்கிறது. உன் மேல் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. முந்நூறு பெட்டியைப் பார்த்தால் நீ என் மேல் கோபப்பட வேண்டும், ஐந்து வாரத்தைப் பார்த்தால் நான் உன் மேல். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை.

பதினான்காம் தேதி அடுத்த ஊசி. கண்ணைத் திறந்து வைத்து ஒரு கிளிப் மாட்டுகிறார்கள், மூட முடியாது, ஊசி வருவது ஓரத்தில் தெரியும். அந்த நேரம் பக்கத்தில் ஒருவர் நின்று கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அண்ணியால் முடியாது, மறுபடி விழுவாள்.

நீ வா. பேச வேண்டாம். எனக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. காலை ஒன்பது மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு.

அண்ணன்